நாலு பேருக்கான பாஸ்

தலைக்கு மை பூசுவதா, நரையோடு திரிவதா என்று கண்ணாடிக்கு முன்னால் நின்று யோசிக்கிற வயதுக்கு நாம் எல்லோரும் வந்துவிட்டோம். முந்தாநாள் வீட்டைப் பூட்டிய திறப்பை எங்கே வைத்தோம் என்பது மறந்துபோகிறது. பத்து வயதில் ஒரு நாள் காலையில் என்ன சாப்பிட்டோம் என்பது மட்டும் நாக்கிலேயே நிற்கிறது. எனக்கு அது இடியப்பமும் சொதியும். எங்கள் வீட்டில் விடிவதற்கு முன் இடியப்பம் அவித்தால் யாரோ பயணம் போகிறார்கள் என்று அர்த்தம். அன்று போனது நாங்கள் நாலு பேரும்: அப்பா, அம்மா, நான், ஐந்து வயதுத் தம்பி. போன இடம் வவுனியாப் பட்டணம்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வன்னிக்குள் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கொழும்பில் வளர்ந்தவர்களுக்கு விளக்கியும் பயனில்லை. இரண்டு பகுதியாரும் இதை வாசிப்பீர்கள் என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஓமந்தையில் இருந்து உள்ளே, சைக்கிளில் இரண்டு மணித்தியாலத் தூரத்தில், ஒரு குளத்தின் கீழ் எங்கள் வயலும் வீடும் இருந்தன. மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக ஜாம் போத்தலில் விட்டு எரித்தோம். சவர்க்காரத்துக்குப் பதில் பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்தோம். வவுனியா அரசாங்கத்தின் பக்கம், நாங்கள் மற்றப் பக்கம், இயக்கத்தின் கையில். ஒரு பக்கத்தில் இருந்து மறு பக்கம் போவதற்குப் பாஸ் வேண்டும். பாஸ் கிடைப்பதற்குப் பிணை வேண்டும்.

பிணை என்றால் பணம் இல்லை, ஒரு மனிதர். போகிறவர்கள் எல்லோரும் குறித்த நாளில் திரும்பி வருவார்கள் என்று ஒருவர் கையெழுத்து வைக்க வேண்டும். எங்கள் பகுதி அலுவலகத்தில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. கண்டவர் நின்றவரின் பிணையை எடுக்கமாட்டார்கள். தானும் பாஸ் கேட்டுக் காத்திருக்கிற ஒருவர்தான் பிணை நிற்கலாம். போனவர்களில் ஒரு ஆள் குறைந்தாலும் பிணைகாரரின் சொந்தப் பாஸ் விண்ணப்பம் கிழிந்து குப்பைக்குப் போய்விடும். இழக்க ஏதாவது இருக்கிறவனின் சொல்லுக்குத்தான் மதிப்பு என்று கண்டுபிடித்த அந்த ஆள் யாரோ, மனிதர்களை நன்றாகப் படித்தவராக இருக்க வேண்டும்.

எங்களுக்குப் பிணை நின்றவர் பக்கத்து வளவு மாமா. மலைநாட்டில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். ஒரு கலவரத்தில் அடிபட்டு, மாமியையும் ஒரு பெட்டியையும் கூட்டிக்கொண்டு வன்னிக்கு வந்து காடு வெட்டிக் காணி ஆக்கியவர். அவருடைய தாய் மட்டும் வரமாட்டேன் என்று தோட்டத்து லயத்து வீட்டிலேயே தங்கிவிட்டார். தாயைப் பார்க்கப் போவதற்கு மாமா பாஸ் கேட்டு ஒரு வருடமாகிறது. வேலி வழியாக முருங்கைக்காய் தரும்போதெல்லாம், "ஆத்தாவ ஒருக்கா பாத்துட்டு வந்திட்டேன்னா போதுங்கண்ணே" என்று அப்பாவிடம் சொல்வார்.

பாஸ் படிவத்தில் காரணம் என்ற இடத்தில் அப்பா எழுதியது தம்பியின் காய்ச்சல். அது முழுப் பொய் இல்லை. குளக்கட்டில் ஒருமுறை குண்டு விழுந்த நாளில் இருந்து பிளேன் சத்தம் கேட்டால் தம்பிக்குக் காய்ச்சல் காயும். சத்தம் ஓய்ந்த பிறகும் பங்கர்க் குழியை விட்டு வெளியே வரமாட்டான். சோற்றை உள்ளே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். படுக்கையில் உதறுவான்.

உண்மைக் காரணத்தை நான் அந்தப் பங்கருக்குள் இருந்துதான் அறிந்தேன். பகலில் அது எனக்கு விளையாட்டு வீடு. பயணத்துக்கு ஒரு கிழமைக்கு முன், நான் உள்ளே சிரட்டையில் மண்சோறு ஆக்கிக்கொண்டிருக்க, அப்பாவும் அம்மாவும் மேலே மரக்குற்றியில் வந்து உட்கார்ந்தார்கள்.

"சின்னவனை அக்காவிட்ட விட்டிட்டு வருவம்," என்றாள் அம்மா. "ஒரு பிள்ளையாவது பயமில்லாமல் படுத்தெழும்பட்டும்."

"பாஸ் நாலு பேருக்கு. மூண்டு பேர் திரும்பி வந்தா அந்த மனிசன்ர நிலைமை என்ன?"

"அவரிட்டச் சொல்லிப் பாப்பம்."

"என்னெண்டு சொல்லுறது? என்ர பிள்ளை தப்பவேணும், நீ இனி உன்ர தாயைப் பாக்கவேண்டாம் எண்டோ? எந்த முகத்தோட கேக்கிறது?"

பிறகு அம்மா மெதுவாகச் சொன்னாள்: "அப்ப சொல்லாமலே விட்டிட்டு வருவம்."

அப்பா மறுத்துச் சொல்லவில்லை. எழுந்து போய்விட்டார். அவர் வாய் திறக்காவிட்டால் சம்மதம் என்று எங்கள் வீட்டில் கணக்கு.

தம்பியைப் பிரியப்போகிறோமே என்று எனக்கு அழுகை வந்தது என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. அம்மாவின் அக்கா, பட்டணத்துப் பெரியம்மாவின் வீட்டில் சுவரைத் தட்டினால் வெளிச்சம் வருமாம், தலைக்கு மேலே காற்றாடி சுற்றுமாம். நான் மூத்தவள், வகுப்பில் இரண்டாம் பிள்ளை. பயந்து நடுங்குகிறவனுக்குத்தான் பட்டணமா?

*

ஒரு சைக்கிளில் நாலு பேர் போவது எப்படி என்று நம் பிள்ளைகளுக்குச் சொன்னால் சிரிக்கிறார்கள். பாரில் நான், என் மடியில் தம்பி, பின் கரியரில் கூறைச்சேலையோடு அம்மா, அவள் மடியில் ஒரு பை. பைக்குள் தம்பியின் உடுப்புகள் இருந்தன. நான் பார்த்தேன், பார்க்காத மாதிரி இருந்தேன். பனி விழுந்த வயல்களுக்கு நடுவே அப்பாவின் மூச்சு என் உச்சந்தலையில் பட்டுக்கொண்டே வந்தது. விடிந்ததா, இனித்தான் விடியுமா என்று தெரியாத ஒரு வெளிச்சம். தம்பி என் கையில் தாளம் போட்டுக்கொண்டு வந்தான்.

ஓமந்தையில் ஒரு தேத்தண்ணிக் கடையில் சைக்கிளை விட்டோம். பாஸைக் காட்டினோம். நாலு பெயர்களையும் வாசித்து நாலு முகங்களையும் பார்த்தார்கள். அங்கிருந்து நடை.

அந்த நடை நடந்தவர்கள் உங்களில் எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று தெரியவில்லை. யாருக்கும் சொந்தமில்லாத ஒரு துண்டு ரோட்டு அது. தார் வெடித்து நடுவில் புல் முளைத்திருந்தது. வாகனம் கிடையாது. இருபுறமும் பாலை மரங்கள். பைகளோடு நிறையச் சனம் நடந்தது, ஆனால் யாரும் உரத்துக் கதைக்கவில்லை. ஆயிரக்கணக்கில் மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள் ரோட்டைக் குறுக்கே கடந்துகொண்டிருந்தன. அவை அத்தனை இருந்தனவா, அல்லது நான் இத்தனை வருடங்களாக ஒவ்வொன்றாகச் சேர்த்துவிட்டேனா என்று எனக்கே சந்தேகம். தம்பி ஒன்றைப் பிடிக்கப் போனபோது அப்பா அவனை இழுத்து ரோட்டின் நடுவில் விட்டார். ஓரத்தில் கால் வைக்கக்கூடாது என்றார். ஏன் என்று அவன் கேட்கவில்லை. எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு மிதிவெடி என்று சொல்லாமலே விளங்கும்.

மறு முனையில் ஆமிக்காரர் பையைக் கொட்டிப் பார்த்தார்கள். ஒருவன் தம்பியின் சின்னக் காற்சட்டையை விரித்துப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தான். மாலை நாலு மணிக்குள் திரும்பிவிட வேண்டும் என்று ஒரு துண்டு தந்தார்கள். பிறகு பஸ். பிறகு பட்டணம்.

முதலில் வந்தது மணம். சனம் எல்லாம் சவர்க்காரம் மணத்தது. எதிரே வருகிறவர், சைக்கிளில் போகிறவர், கடைக்காரர், பிச்சை கேட்கிற கிழவர் கூட மணத்தார். பேக்கரியில் இருந்து சுட்ட பாண் வாசம் வந்தது. கடைகளில் பற்றறிகள் அடுக்கடுக்காகச் சும்மா கிடந்தன. எங்கள் ஊரில் ஒரு பற்றறி இருந்தால் அதை வெயிலில் காயவைத்துக் காயவைத்து ரேடியோவில் செய்தி கேட்பார்கள். நான் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு வாயைப் பிளந்தபடி நடந்தேன்.

அப்பா எங்களை ஒரு கூல்பாருக்குக் கூட்டிப் போனார். அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை. பிள்ளைகளுக்கு வாய்க்கு ருசியாக ஏதும் வாங்கிக் கொடுத்தால் கெட்டுப்போவார்கள் என்பது அவர் கொள்கை. அன்று அவர் தம்பியைத் தன் மடியில் இருத்தி, "உனக்கு எது வேணும், சொல்லு" என்று இரண்டு முறை கேட்டார். கண்ணாடிக் கிண்ணத்தில் ஐஸ்கிறீம் வந்தது. அதில் இருந்து வெள்ளையாகப் புகை எழுந்தது. தம்பி குனிந்து, கன்னம் உப்ப, ஊ ஊ என்று ஊதினான்.

"என்னடா செய்யிறாய்?"

"சுடுது. ஆவி பறக்குது."

வாயில் வைத்ததும் அவன் கண்கள் அகன்ற விதத்தை நான் எந்த நாளும் மறக்கமாட்டேன். இன்று அவனுக்கு மூன்று பிள்ளைகள், ஒரு உழவு இயந்திரம், ஒரு தொப்பை. அந்தக் கண்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன. அம்மா தன் கிண்ணத்தையும் அவன் பக்கம் தள்ளினாள். என் பக்கம் தள்ளவில்லை.

*

கடைத்தெருவின் நடுவில் வந்துகொண்டிருந்தபோது தலைக்கு மேலே ஹெலி வந்தது.

நாங்கள் யோசிக்கவில்லை. அதுதான் உண்மை. சத்தம் காதில் விழுந்த கணமே அப்பா தம்பியை அணைத்துக்கொண்டு ரோட்டோரத்துக் கழிவுநீர்க் கானுக்குள் குப்புற விழுந்தார். அம்மா என்னை இழுத்து என் மேல் விழுந்தாள். வாயைத் திற, காதைப் பொத்து, இது எங்களுக்குப் படிப்பித்த பாடம். நான் வாயைத் திறந்து காதைப் பொத்திக்கொண்டு, கான் தண்ணீரில் ஒரு வாழைப்பழத் தோல் மிதந்து போவதைப் பார்த்தேன்.

ஹெலி போய்விட்டது. ஒன்றும் விழவில்லை. நான் தலையைத் தூக்கியபோது, கால்கள் தெரிந்தன. செருப்புக் கால்கள், சப்பாத்துக் கால்கள், ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் வெள்ளைச் சப்பாத்து. எல்லாம் அதனதன் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தன. முழுத் தெருவிலும் விழுந்து கிடந்தவர்கள் நாங்கள் நாலு பேர்தான்.

"உள்ளுக்க இருந்து வந்த சனம் போல," என்று ஒரு கடைக்காரர் சிரித்தார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து தந்தார். "ஐயா, அது இஞ்ச ஒவ்வொரு நாளும் போய் வாறது. எழும்புங்கோ."

அம்மா கூறைச்சேலையில் சேற்றைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க அது பரவியது. அப்பா யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. வெட்கம் என்றால் என்ன என்று நான் அன்றுதான் அறிந்தேன். பெரியவர்களுக்கும் அது வரும் என்பதையும்.

*

பெரியம்மா வாசலிலேயே தம்பியை வாரித் தூக்கிக்கொண்டார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. உள் அறையில் ஒரு சின்னக் கட்டில், புது விரிப்பு, தலையணைக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் பிளாஸ்ரிக் பஸ். அடியில் உள்ள ஆணியைத் தள்ளினால் அந்தப் பஸ்ஸின் கண்கள் இரண்டும் எரியும். மத்தியானம் வரை தம்பி அதை எரித்து அணைத்து எரித்து அணைத்து, கடைசியில் காற்றாடிக்குக் கீழே அந்தக் கட்டிலிலேயே தூங்கிப்போனான். கையையும் காலையும் எறிந்துவிட்டு, உதறாமல் தூங்கினான். அம்மா கட்டில் காலடியில் நிலத்தில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். காற்றாடி வெட்டிய வெளிச்சம் அவள் முகத்தில் வந்து வந்து போனது. அந்த அறையில் ஒரு மணித்தியாலம் இருந்தோமா, ஒரு யுகம் இருந்தோமா தெரியாது. என் வாழ்நாளில் அவ்வளவு அமைதியான இடத்தில் நான் பிறகு இருந்ததில்லை.

"நித்திரையோட இருக்கேக்க வெளிக்கிடுங்கோ," என்று பெரியம்மா கிசுகிசுத்தார். "எழும்பினா நான் சமாளிப்பன். இஞ்ச இவன் கானுக்க விழத் தேவையில்லை."

அம்மா குனிந்து அவன் உள்ளங்காலில் முத்தமிட்டாள். பையை அங்கேயே விட்டாள். நாங்கள் மூன்று பேரும் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசல் படலை வரை வந்தோம்.

அங்கேதான் நான் கேட்டேன். "அப்பா, மூண்டு பேராப் போனா பக்கத்து வளவு மாமா எப்பிடித் தன்ர அம்மாவைப் பாக்கிறது?"

அப்பா நின்றார். படலையின் கொழுவியில் வைத்த கை அப்படியே இருந்தது. பிறகு திரும்பி உள்ளே போனார். வரும்போது அவர் தோளில் தம்பி தூங்கிக்கொண்டிருந்தான். அவன் கையில் அந்தச் சிவப்பு பஸ், அப்பாவின் கையில் பை.

"என்ன செய்யிறியள்?" அம்மா அவர் சட்டையைப் பிடித்தாள். "என்னப்பா செய்யிறியள்?"

"தம்பி, யோசியுங்கோ, பிள்ளையின்ர உயிர்," என்றார் பெரியம்மா அப்பாவிடம்.

"அந்த மனிசன் என்னை நம்பிக் கையெழுத்து வைச்சது அக்கா," என்றார் அப்பா. "பெத்த தாய் முகத்தில முழிக்க விடாமல் பண்ணினவன் எண்ட பேரோட நான் பக்கத்து வளவில இருக்கேலாது."

அம்மா சட்டையை விட்டாள்.

இனி உங்களிடம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தக் கேள்வியை நான் மாமாவுக்காகக் கேட்கவில்லை. அந்தக் கட்டிலும் காற்றாடியும் எரிகிற கண்களும் தம்பிக்குக் கிடைக்கக்கூடாது என்பதற்காகத்தான் கேட்டேன். எனக்கு இல்லாதது அவனுக்கு ஏன்? அவ்வளவுதான். பத்து வயதில் மனிதர் அவ்வளவு சின்னவராகவும் இருக்க முடியும்.

திரும்பும்போது சோதனையில் ஆமிக்காரன் பஸ்ஸைத் திருப்பி மூடியைக் கழற்றி, உள்ளே கொண்டுபோகக்கூடாது என்று பற்றறிகளை எடுத்துக்கொண்டு பஸ்ஸைத் தந்தான். தம்பி அழவில்லை. யாருக்கும் சொந்தமில்லாத ரோட்டில் அப்பாவின் தோளில் இருந்தபடி, "பெரியம்மா வீட்டுக் காத்து எங்க?" என்று மட்டும் கேட்டான்.

*

பொழுது சாயும் நேரத்துக்கு ஊர் வந்து சேர்ந்தோம். மாமாவும் மாமியும் தங்கள் படலையடியில் நின்றார்கள். அப்பா சைக்கிளை நிறுத்தினார். நாள் முழுக்கக் குனிந்திருந்த தலை அப்போதுதான் நிமிர்ந்தது.

"நாலு பேரும் வந்திட்டம். உமக்கு ஒரு பிரச்சினையும் வராது. இனிப் போய் உம்மட பாஸைக் கேளும்."

மாமா அப்பாவைப் பார்க்கவில்லை. பாரில் என் மடியில் இருந்த தம்பியைப் பார்த்தார்.

"இவன ஏண்ணே திரும்பக் கூட்டிட்டு வந்தீங்க?"

அப்பா காலை நிலத்தில் ஊன்றி மாமாவைப் பார்த்தார்.

"விட்டுட்டு வருவீங்கன்னுல்ல நாங்க நெனச்சிக்கிட்டு இருந்தோம். ப்ளேன் சத்தத்துக்கு வர்ற காச்சலுக்கு டாக்டரு என்னா மருந்து குடுப்பாருன்னு எனக்குத் தெரியாதா? அதுக்குத்தானே கையெழுத்துப் போட்டேன்."

"உம்மட அம்மா..."

"ஆத்தா போயிருச்சுண்ணே." மாமா தோளில் கிடந்த துவாயை எடுத்துக் கையில் சுருட்டினார். "நீங்க பிணை கேட்டு வந்தீங்கல்ல, அதுக்கு மொத நாளுதான் கடுதாசி வந்துச்சு. எல்லாம் முடிச்சு அடக்கமும் பண்ணிட்டாங்களாம்."

"ஏன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

"சொன்னா ஆபீசுல என் பிணைய எடுப்பாங்களா? ஊருக்குப் போற தேவை இருக்கவன் பிணைதானே செல்லும். அதான் மொட்டை போடல. இவளையும் சத்தம் போட்டு அழக்கூடாதுன்னுட்டேன். ஒரு மாசம் தள்ளினா தம்பி அந்தப் பக்கம் போயிருவான், அப்பறமா அழுதுக்கலாம்னு இருந்தோம். நீங்க ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லியிருக்கலாமேண்ணே."

"நீரும் சொல்லேல்லையே," என்றார் அப்பா. அவர் குரல் யாருடையதோ போல இருந்தது.

அம்மா கரியரில் இருந்து இறங்கினாள். சேறு காய்ந்த கூறைச்சேலையோடு அவர்களின் படலையைத் தாண்டி நேரே மாமியிடம் போனாள். எங்கள் சனம் அந்த வீட்டுக்கு முருங்கைக்காய்க்குப் பதிலாகக் கத்தரிக்காய் அனுப்பும், ஆனால் தோட்டத்துச் சனம் என்று அங்கே தேத்தண்ணி குடிக்காது. அம்மா அந்த வளவுக்குள் கால் வைத்தது அதுதான் முதல்முறை. மாமியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, செத்தவீட்டில் பெண்கள் அழுவது போல, தலையை ஆட்டி ஆட்டிக் குரல் எடுத்து அழுதாள். தான் ஒரு நாளும் காணாத ஒரு மனுஷியைச் சொல்லி அழுதாள். மகனைச் சொல்லியும் அழுதாள். எது எதற்கான அழுகை என்று பிரிக்க முடியாது. ஒரு மாதம் அடக்கி வைத்திருந்த மாமியும் சேர்ந்து அழுதார். பிறகு அம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு, செத்தவீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்று சொல்லி, எங்கள் வீட்டுக்குப் போய்க் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்தாள். எல்லோரும் அவர்களின் முற்றத்தில் இருந்து குடித்தோம். தம்பி என் மடியில் சாய்ந்து கிடந்தான்.

அப்பா கஞ்சிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னைச் சுட்டிக் காட்டினார். "நாங்கள் சுயநலத்தில சொல்லாமல் விட்டிட்டு வரத்தான் இருந்தம். இந்தப் பிள்ளைதான் கேட்டவள், மாமா எப்பிடித் தன்ர அம்மாவைப் பாக்கிறது எண்டு. அந்தச் சொல்லுத்தான் என்னைத் திருப்பினது."

மாமா எழுந்து என்னிடம் வந்தார். வயல் சேறு வெடித்த கையை என் தலையில் வைத்தார். அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மனிதர், அப்போதுதான் உடைந்தார்.

"எங்க ஆத்தாவ நெனச்சுக் கேட்டியாம்மா," என்றார். "நீ நல்லா இருப்ப தாயீ."

அம்மா என்னைப் பார்த்தாள். நாள் முழுக்க என்னைப் பார்க்காதவள், பெருமையோடு பார்த்தாள். இல்லை மாமா, அதற்காக இல்லை என்று சொல்ல வேண்டும் போல இருந்தது. வாய் வரவில்லை. அந்தக் கைக்குக் கீழே அசையாமல் இருந்தேன். மாமா, அம்மா இருவருமே இப்போது இல்லை. இன்றுதான் இதைச் சொல்கிறேன், அதுவும் உங்களிடம்.